பேட்டரியை ஏன் ஒட்டி வைக்கிறாங்க?

[திரையில்: மேசை மேல மல்லாக்க வெச்ச ஒரு போன்]

இந்த போனோட மூலையில லேசா தட்டுறேன். டக் டக்னு ஆடுது பாருங்க. உடம்பு மெல்லிசு, பின்னாடி கேமரா மட்டும் மேடு தட்டி நிக்குது. அந்த மேடு உயரத்துக்கு உடம்பையும் தடிமனா செஞ்சிருந்தா போன் ஆடாது, இன்னும் பெரிய பேட்டரியும் உள்ளே வெச்சிருக்கலாம்.

2014-ல வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 ஞாபகம் இருக்கா? தடிமன் 8.1 மில்லிமீட்டர், பேட்டரி 2800 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு). பின்மூடியை நகத்தால நெம்பினாலே கழண்டு வந்துடும். பேட்டரியைக் கையால எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுக்கலாம். அப்படியும் அது ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். மூடியோட உள்பக்கம் சுத்தி வர ஒரு ரப்பர் விளிம்பு, அதுதான் தண்ணியைத் தடுத்துச்சு.

அடுத்த வருஷமே எஸ்6 வந்துச்சு. கண்ணாடி முதுகு, 6.8 மில்லிமீட்டர். பார்க்க அவ்வளவு அழகு! ஆனா பேட்டரி 2550-க்கு இறங்கிடுச்சு, மெமரி கார்டு போச்சு, ஐபி தரமும் போச்சு. பேட்டரியை உள்ளேயே ஒட்டிட்டாங்க. 1.3 மில்லிமீட்டர் குறைக்க இத்தனையும் கொடுத்தோம்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கு. கழட்டுற பேட்டரின்னா அதுக்குத் தனியா ஒரு கெட்டியான கூடு வேணும், அது இடத்தை அடைக்கும். பசை போட்டு ஒட்டினா இடம் மிச்சம், தண்ணி புகாம அடைக்கிறதும் சுலபம்.

[திரையில்: பேட்டரியோட குறுக்குவெட்டுப் படம்]

ஆனா லித்தியம் அயன் பேட்டரி தேயுறது உறுதி. ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறும்போதும் கொஞ்சம் லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கிற நெகட்டிவ் முனை மேல படலமா படிஞ்சு மாட்டிக்குது. அது திரும்ப வேலைக்கு வராது. திரையும் பிராசஸரும் வருஷக்கணக்குல ஓடும். நிச்சயமா தேயப்போற ஒரே பாகத்தைக் கைக்கு எட்டாத இடத்துல ஒட்டி வைக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்கல.

மாத்துற வேலையைப் பாருங்க. முதல்ல முதுகைச் சூடு பண்ணணும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்துல சொருகி, பொறுமையா சுத்தி வரணும். பசை நூல் நூலா இழுபடும். கொஞ்சம் அழுத்தம் கூடினா கண்ணாடி விரிசல் விட்டுடும்.

ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20 முதல் புது விதி. 800 தடவை சார்ஜ் பண்ணின பிறகும் பேட்டரியில 80 சதவீதம் கொள்ளளவு மிச்சம் இருக்கணும். எனக்கு இது பெரிய சந்தோஷம்.

அடுத்த போன் வாங்குறதுக்கு முன்னாடி, அந்த மாடலைப் பிரிச்சுக் காட்டுற வீடியோ ஒண்ணைத் தேடிப் பாருங்க. பேட்டரி ஓரத்துல இழுக்க ஒரு பட்டை இருக்கா, இல்ல மொத்தமா பசைதானான்னு கவனிங்க.