அறுப்பு முடியட்டும் என்றால்…

வணக்கம். பிரிந்திருக்கும் கணவரிடம் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டால் நம் டெல்டாவில் வழக்கமாக வரும் பதில், "குறுவை அறுப்பு முடியட்டும், கொடுத்துடுறேன்." குறுவை முடிந்தால் சம்பா. சம்பா முடிந்தால், "கொள்முதல் நிலையத்தில் பணம் இன்னும் ஏறலை." இந்தத் தவணைப் பேச்சில் என்ன நஷ்டம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்கே போவது? பலர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே பேசி வைக்கலாம். மாதாமாதம் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். எனவே நேராக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தாலுகா அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். வீட்டில் அடி உதை என்றால் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சம்பளத்திலிருந்து நேராகக் கட்டும்படி முதலாளிக்கே நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

ஜீவனாம்ச மனு, 2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 125 என்று இருந்தது, இப்போது அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 144. கணவர் திருப்பூரில் இருந்தாலும், நீங்கள் மன்னார்குடியில் குடியிருந்தால் உங்கள் பக்கத்திலேயே மனுப் போடலாம். இடைக்கால ஜீவனாம்சத்தை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கச் சொல்கிறது சட்டம். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. விலாசம் தப்பாகி சம்மன் திரும்பினால் கணக்கே தொடங்காது. வேலை செய்யும் கம்பெனி, தங்கும் அறை, இரண்டையும் எழுதுங்கள்.

அவர் "கூலி வேலைதான்" என்பார். இருவரும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் மறைத்தால் பிடிக்க, அவர் பேரில் நிலம் இருந்தால் சர்வே எண்ணைக் கொண்டு சிட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில்தானே வருகிறது? அந்தக் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தவணைப் பேச்சு. உத்தரவான பிறகு அவர் கட்டவில்லை என்றால், தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கிடையாது. மாதம் 4,000 ரூபாய் என்று வையுங்கள். 18 மாதம் கட்டவில்லை, 72,000. அறுப்பு, பொங்கல் என்று காத்திருந்து அப்புறம் மனுப் போட்டால் கடைசி 12 மாதத்துக்கு, 48,000-க்குத்தான் வாரண்ட். 24,000 கையை விட்டுப் போனது மாதிரிதான். மறுபடியும் சொல்கிறேன், ஒரு வருடம். நான்கு மாதப் பாக்கி ஆனதுமே போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால்தான் என்ன? ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது. பணம் கையில் வாங்காதீர்கள், பிள்ளை பேரிலோ உங்கள் பேரிலோ வங்கியில் போடச் சொல்லுங்கள். கட்டினேன், கட்டலை என்ற சண்டை வராது.

கடிகாரம் பார்க்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவர் பற்றிச் சுருக்கமாக: அவருடைய பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், கிடைத்தால் விசா நகல் மனுவோடு வேண்டும். ஆள் கைக்கு எட்டாவிட்டாலும் ஊரில் அவர் பேரில் நிலம் இருந்தால், நில வருவாய்ப் பாக்கியைப் போல வசூலிக்கக் கலெக்டருக்கு வாரண்ட் அனுப்ப வழி இருக்கிறது. இலவச சட்ட உதவிக்குத் தொலைபேசி எண் 15100. வணக்கம்.