வாந்தியும் ‘காஸ்’ என்ற தீர்ப்பும்

வணக்கம். ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கினிகத்தேனை வளைவுகள் வந்தால் போதும், பின் ஆசனத்தில் யாராவது அவசரமாகப் பையைத் தேடுவார்கள். அவர் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. உடல் ஆடுகிறது என்று உட்காது சொல்கிறது. முன் ஆசனத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், இல்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல் அது. முன்னால் அமர்ந்து தூரத்துப் பாதையைப் பாருங்கள், பெரும்பாலும் குறையும்.

வாந்தி என்றதும் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: “என்ன சாப்பிட்டாய்?” அடுத்த நிமிடமே தீர்ப்பு: பித்தம், இல்லாவிட்டால் காஸ், அதாவது வயிற்று வாயு. ஆனால் வாந்திக்கான கட்டளை பிறப்பது மூளைத்தண்டில். காது, மருந்து, நஞ்சு, பழுதான சிறுநீரகம், இரத்தத்தில் எகிறிய சீனி, எல்லாமே அங்கே செய்தி அனுப்பும்.

தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும், அதாவது செடிகளைக் கத்தரித்துவிடும், ஒரு பெரியவர். விடியற்காலையில் வாந்தி. மகள் இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார். பக்கத்து லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காஸ் மாத்திரை வந்தது. என்னிடம் கொண்டுவந்தபோது சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. நுவரெலியாக் குளிரில், கம்பளிக்குள்ளே வியர்வை! நெஞ்சு வலிக்கிறதா என்றால், இல்லை என்கிறார். நீண்டகாலச் சீனி நோயாளிக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம். ஈசிஜி எடுத்தோம், இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். பிறகும், “அது பொல்லாத காஸ், டொக்டர்” என்றுதான் சொல்லித் திரிந்தார். மறுபடியும் சொல்கிறேன்: குளிர்ந்த வியர்வையோடு வாந்தி என்றால் இஞ்சி தட்டிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே வாகனம் பிடியுங்கள்.

மருத்துவரிடம் நிறத்தைச் சொல்லுங்கள். கோப்பித்தூள் போலக் கறுத்திருந்தால் இரத்தக்கசிவாக இருக்கலாம். வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல் பச்சையாக வந்தால் குடல் அடைப்பைத் தேடுவோம். காலைத் தலைவலியோடு தினமும் வந்தால் மூளையைப் பார்ப்போம். விழுங்கும் மாத்திரைகளையும் கொண்டுவாருங்கள். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமினே சிலருக்குக் குமட்டும். தோட்டத்தில் பூச்சி, களை மருந்தடித்தவர் என்றால் அந்தப் போத்தலின் லேபிளும் வேண்டும்.

நேரம் முடிகிறது என்று வானொலிக் கலையகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கர்ப்பிணிகளைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மசக்கை இயல்பு. தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து, எடை இறங்கினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு, நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனி ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மறுபடி வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.