கலாசாலை குழுப்படத்தைக் கண்ணாடியில இருந்து உரிக்காதீங்க

வணக்கம் மக்களே. 1950கள், 60கள்ல ஆசிரியர் கலாசாலை, அதாவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, முடிச்சு வெளியேறுனவங்க எடுத்துக்கிட்ட குழுப்படம் நம்ம இலங்கை மலையகத்துல நிறைய வீட்டுச் சுவர்ல தொங்குது. கலாசாலை குடுத்தது பட்டமில்ல, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ். அந்த நாளுக்குச் சாட்சியா இப்ப மிஞ்சியிருக்கிறது பெரும்பாலும் அந்தத் தாளும் இந்தப் படமும்தான்.

ஃப்ரேமைக் கழட்ட முந்தி, சாய்ச்சுப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. ஈரம் பட்ட மாதிரி கறுத்த திட்டு தெரிஞ்சா, படம் கண்ணாடியில ஒட்டிருச்சுன்னு அர்த்தம். கறுப்பு வெள்ளைப் படத்தோட மேல்பூச்சு ஜெலட்டின். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்துக்கு அது இளகிப் பிசின் மாதிரி பிடிச்சுக்கும். இழுத்தீங்கன்னா மொகம் கண்ணாடியோடயே வந்துரும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. கண்ணாடியோடயே படம் பிடிங்க: ஃப்ளாஷ் வேணாம், ரெண்டு பக்கமும் 45 பாகையில விளக்கு, கேமராவுக்குப் பின்னால கறுப்புத் துணி. துணி இல்லாட்டி உங்க பிம்பம் கண்ணாடியில தெரியும்.

ஒட்டாத படம்னா ஸ்கேன் பண்ணலாம். பூஞ்சணம் இருந்தா ஈரத்துணியால தொடைக்கவே கூடாது, ஜெலட்டின் கரைஞ்சு வந்துரும். காத்தோட்டமான நெழல்ல நல்லா காய வச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வெளியில வச்சு மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்க. வெயில்ல காய வச்சா அட்டை வளைஞ்சுரும்.

ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) ஃபைல். பெரிய குழுவுல ஒரு மொகம் அரை அங்குலம்தான் வரும். 600ல அது 300 பிக்சல், பெருசாக்கினாலும் ஆளைத் தெரியும். 10க்கு 12 அங்குலப் படம் ஏ4 ஸ்கேனர்ல அடங்காது. ரெண்டு துண்டா எடுங்க, நடுவுல 2 அங்குலம் ரெண்டுலயும் வரணும். இல்லாட்டி பொருத்துற இடத்துல ஒரு ஆளே காணாமப் போயிருவாரு.

சான்றிதழை லேமினேட் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. சூட்டுல ஒட்டுற பசையைத் திரும்ப எடுக்க முடியாது. பாலியெஸ்டர் உறை போதும். படத்தை வெளிச்சுவர்லயும் அடுப்புக்கு மேலயும் மாட்டாதீங்க. ஃப்ரேமுக்குப் பின்னால நாலு மூலையிலயும் கார்க் துண்டு வச்சா சுவர் ஈரம் ஏறாது.

இனி பேர். படத்துக்குக் கீழ "இருப்போர், இடமிருந்து வலம்"னு அச்சடிச்சிருக்கும். தலையை எண்ணி, பேரை எண்ணிப் பாருங்க. அன்னைக்கு வராதவங்க பேரையும் வரிசைக்குள்ளயே போட்டிருந்தா, அதுக்கப்புறம் வர்ற எல்லாருக்கும் பேர் மாறிப்போயிருக்கும். டீச்சர்மாருக்குக் கல்யாணத்துக்கு முந்தின பேர், பிந்தின பேர் ரெண்டும் எழுதுங்க. ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, அதனால படிப்பிச்ச தோட்டப் பாடசாலை பேரும் வேணும். படத்து மேல பேனா படக்கூடாது. அட்டையோட பின்பக்கம் 4பிங்கிற மெதுவான பென்சில்ல, அழுத்தாம எழுதுங்க.