லண்டன் கோல்ட் ரிவால்வர்: கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டுவது

வணக்கம் நண்பர்களே. இன்று மேசை மேல் இருப்பது 1851 மாடல் கோல்ட் (Colt) நேவி ரிவால்வர். கோல்ட் என்றால் தங்கம் இல்லை, அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர். அதுவும் லண்டனில் செய்தது. பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கும் ஒரு அம்மா கொண்டுவந்து கொடுத்தார். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டு பீரோவில் இருந்த பொருள், அவர் உரிமத்தில் ஏறியிருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அந்த உரிமம் இல்லாதவர் அடுத்தவர் துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் தொழில் செய்யக் கூடாது. வீடியோவைப் பார்த்துவிட்டு மாமா வீட்டுத் துப்பாக்கியை யாரும் கழற்ற உட்கார வேண்டாம்.

முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் இந்த நெம்புகோலால் அழுத்துவார்கள். பின்பக்கம் நிப்பிள் என்ற சின்னத் துளைக் குமிழ், அதன் மேல் ஒரு சின்னச் செம்புக் கேப்பு. ஹேமர், அதாவது துப்பாக்கியின் சுத்தி, அதை அடித்தால் வரும் நெருப்பு மருந்தைப் பற்றவைக்கும். கேப்பு இல்லை என்பதால் மருந்தும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் எரியும். அதனால் மெல்லிய மரக்குச்சியை ஒவ்வொரு அறையிலும் விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்கிறேன். ஆறும் ஒரே ஆழம், அடிவரை போகிறது. காலி. ஒன்றில் மட்டும் குச்சி பாதியில் நின்றிருந்தால் வேலை அங்கேயே நிற்கும், கேமராவும் அணைந்திருக்கும்.

இப்போது கிட்டே வாருங்கள். குழலின் மேல் தட்டையில் எழுத்து தெரிகிறதா? 'அட்ரஸ் கர்னல் கோல்ட் லண்டன்'. தேய்ந்திருந்தாலும் படிக்க முடிகிறது. பக்கத்தில் இங்கிலாந்தின் சோதனை முத்திரைகள். டிரிகரைச் சுற்றிய வளையத்தைப் பாருங்கள், இரும்பு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் செய்த நேவியில் பெரும்பாலும் இது பித்தளையாக இருக்கும். பெல்ஜியத்தில் லியேழ் நகரத்திலும் இதே உருவத்தில் நிறையச் செய்தார்கள். அதில் முட்டை வடிவ முத்திரைக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து இருக்கும். இதில் அது இல்லை.

1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களைக் கடை விரித்தார். 1853இல் தேம்ஸ் கரையில் பிம்லிகோவில் தொழிற்சாலையே போட்டார். சுமார் 42,000 நேவி ரிவால்வர்கள் அங்கே தயாராயின. ஆனால் சில வருடங்களிலேயே மூடிவிட்டார்கள். போட்டிக்கு ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கித் தயாரிப்பாளர் இருந்தார். அவருடைய ரிவால்வருக்கு ஐந்து அறைதான், ஆனால் குண்டு பெரிது, விட்டம் 11 மில்லிமீட்டருக்கு மேல். கோல்ட் நேவிக்கு 9 மில்லிமீட்டர் சொச்சம். கோல்ட்டில் ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் ஹேமரை இழுக்க வேண்டும். ஆடம்ஸில் டிரிகரை அழுத்தினால் போதும். 1857 கலவரத்தில் நெருங்கி நின்று சண்டை போட்ட ஆங்கிலேய அதிகாரிகள் பலர் ஆடம்ஸ் பக்கம் சாய்ந்ததற்கு இதுதான் காரணம். எனக்குக் கோல்ட்தான் பிடிக்கும். இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு நன்றாக ஓடும் பொறி அந்தக் காலத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

அந்த அம்மா கொடுக்கும்போது, "தம்பி, புதுசு மாதிரி பளபளன்னு பண்ணிக் குடுங்க, ஷோகேஸ்ல வைக்கணும்" என்றார். அதைச் செய்ய முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். காரணத்தை சிலிண்டரில் காட்டுகிறேன். வெளிச்சத்தைச் சாய்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். பாய்மரம், புகை, அலை. 1843 மே 16 அன்று காம்பேச்சே கடற்பரப்பில், அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸின் கப்பல்படையும் மெக்சிகோ கப்பல்படையும் மோதிய காட்சி. நேவி என்ற பெயரே இந்தப் படத்தால் வந்ததுதான். இதன் ஆழம் முடி அளவுதான். உப்புத்தாளை எடுத்து இரண்டு இழு இழுத்தால் கப்பல் போய்விடும், திரும்ப வராது. புளி போட்டுத் தேய்ப்பது, எலுமிச்சம்பழம் தேய்ப்பது எல்லாம் இதே கதைதான். புளியின் அமிலம் துருவைத் தின்னும்போது கூடவே பழைய நீல மெருகையும் தின்றுவிடும். துருவை நிறுத்துவதோடு என் வேலை முடிகிறது. வயசின் கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

சரி, கழற்றுவோம். கோல்ட்டில் மொத்தக் குழலையும் பிடித்து வைத்திருப்பது குறுக்கே போகும் இந்த ஒரே ஆப்பு. வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகத் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் கூடாது. பித்தளைக் கட்டையை வைத்துத் தட்டுகிறேன். முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்ததால் அசைகிறது. அடுத்து நெம்புகோலை இறக்கி, அதன் முனை இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் கட்டி இரும்பில் படும்படி வைத்து மெதுவாக அழுத்தினால் குழல் தானாக முன்னால் நகரும். அவ்வளவுதான், குழலும் சிலிண்டரும் கையில்.

திருகாணிகளுக்கு ஒரு வார்த்தை. கடையில் விற்கிற ஸ்குரூ டிரைவரின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது பள்ளத்தின் மேல் விளிம்பில் மட்டும் பிடித்துத் தலையைக் கிழித்துவிடும். நான் ஒவ்வொரு திருகாணிக்கும் முனையைத் தேய்த்து, பக்கங்கள் நேராக நிற்கும்படி செய்துகொள்கிறேன். பழைய துப்பாக்கியை யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் திருகாணித் தலையைத்தான் முதலில் பார்ப்பேன். இதில் ஹேமர் திருகாணி மட்டும் கொஞ்சம் கடிபட்டிருக்கிறது.

நிப்பிள்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். பழைய கேப்பில், அடித்தால் வெடிக்கும் பாதரச ஃபல்மினேட்டோடு பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கும். வெடித்தபின் குளோரேட் பொட்டாசியம் குளோரைடாக மாறி அங்கேயே தங்கும். அது சமையல் உப்பின் பங்காளி, ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நிப்பிளைச் சுற்றி இவ்வளவு குழி விழுந்திருப்பது அதனால்தான். எண்ணெயில் ஊறவைத்து, வெந்நீரில் சூடாக்கி, சரியான சாவி போட்டுத் திருப்பியதில் ஐந்து வந்துவிட்டன. ஆறாவது வரவில்லை. இன்னும் முறுக்கினால் கழுத்தோடு ஒடியும், அதனால் அதை அப்படியே விடுகிறேன். ஐந்தையும் எந்த அறையிலிருந்து எடுத்தேனோ அதற்கே திரும்பப் போக வேண்டும், தனித்தனிக் கிண்ணத்தில் எண் எழுதி வைத்திருக்கிறேன்.

இனிக் கழுவுவது. துப்பாக்கியைத் தண்ணீரில் போடுவதா என்று நிறையப் பேர் பதறுவீர்கள். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும்தான், ஏறத்தாழ 75, 15, 10 என்ற பங்கில். (அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போன வெடியுப்பில் பெரும்பங்கு நம் பீகாரில் காய்ச்சியது.) அது எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகிவிடும், அதில் ஒரு பகுதி துப்பாக்கியிலேயே தங்கிவிடும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் என்று எல்லாமே உப்புகள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெயை மட்டும் பூசி வைத்தால் அழுக்கு தாராகி மூலையில் உட்கார்ந்துகொள்ளும், அடியில் துரு தன் வேலையைப் பார்க்கும். இங்கே நடந்திருப்பது அதேதான். மேலே தேங்காய் எண்ணெய் வேறு. அது கெட்டுப்போனால் அமிலம் சேரும், இரும்புக்கு ஆகாது.

மரப்பிடியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டேன். மீதியெல்லாம் சோப்பு கலந்த வெந்நீரில். பல் துலக்கும் பிரஷ், குழலுக்குப் பித்தளை பிரஷ். பாருங்கள், தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. தெளிந்த தண்ணீர் வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி அலசலுக்கு எங்கள் போர்வெல் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான்.

புதிதாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் குழலையும் சிலிண்டரையும் போட்டுக் கொதிக்க வைக்கிறேன். சிவப்புத் துரு கொதிக்கும் தண்ணீரில் கறுப்பாக மாறும். அந்தக் கறுப்பு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு, இரும்பை மேலும் அரிக்காது. வெளியே எடுத்ததும் இரும்பின் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும், மிச்சத்துக்கு ஹேர் டிரையர். உதிரும் கறுப்புப் பொடியை மென்மையான பிரஷால் தட்டிவிட்டால் போதும். கப்பல் இன்னும் இருக்கிறது, பாருங்கள்! முன்பைவிடத் தெளிவாகவே தெரிகிறது.

பழுது ஒன்றுதான். ஹேமரை இழுக்கும்போது குழலைக் கீழே சாய்த்தால் சிலிண்டர் சுற்றும், மேலே தூக்கினால் நின்றுவிடும். சிலிண்டரைத் தள்ளும் சின்ன இரும்புத் துண்டுக்கு ஹேண்ட் என்று பெயர். அதன் முதுகில் ஒரு தகடு ஸ்பிரிங் உண்டு. அது ஒடிந்திருந்தால் ஹேண்ட் தன் எடையால் மட்டும்தான் விழும், அதனால்தான் இந்தச் சேட்டை. திறந்து பார்த்தால் ஸ்பிரிங் பாதிதான் இருக்கிறது. ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டில் புதிதாக ஒன்றை வெட்டி, பழைய பள்ளத்திலேயே செருகிவிட்டேன். ஒடிந்த துண்டைத் தூக்கிப் போடவில்லை. தேதி எழுதிய உறையில் போட்டு அந்த அம்மாவிடமே கொடுப்பேன்.

பூட்டும்போது உள் பாகங்களுக்குக் கடிகார எண்ணெய் ஒரு சொட்டு, வெளியே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாக. ஆப்பைக் கடைசியில் கட்டை விரலால் அழுத்தினாலே போதும், அடித்து இறுக்கினால் சிலிண்டர் பிடிக்கும். ஹேமரை இழுக்கிறேன், குழலை மேலே தூக்கியபடியே. சுற்றுகிறது. ஆறு அறையும் சரியாகப் பூட்டி நிற்கிறது.

அவர்கள் வீட்டில் இதற்கு ஒரு தோல் உறை இருக்கிறது. அதில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் அதிலேயே இருக்கும். பருத்தித் துணி, சிலிகா ஜெல், பூட்டிய பெட்டி. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எடுத்துத் துடைத்து மெழுகு போட வேண்டும். மரப்பிடியில் கீழ் மூலையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அது காய்ந்து ஆற வேண்டும், அடுத்த வீடியோவில் அதைப் பார்ப்போம்.