நெட்வொர்க் டேபில் ஹெடர் இருக்கு, கோடில் மட்டும் ஏன் நல்?

[திரையில்: இடது பக்கம் நெட்வொர்க் டேப், வலது பக்கம் கன்சோல்]

இடது பக்கம் பாருங்கள், பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையில் போய் வருவதைக் காட்டும் டெவலப்பர் கருவி இது. சர்வர் அனுப்பிய ரெஸ்பான்ஸில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்று ஒரு ஹெடர், அதற்குள் கோப்பின் பெயர், "இன்வாய்ஸ்-மார்ச்.பிடிஎஃப்" என்று பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. இப்போது வலது பக்கம். அதே ரெஸ்பான்ஸ், அதே ஹெடர், ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால் நல், அதாவது மதிப்பே இல்லை. எழுத்துப் பிழை இல்லை, கேஷ் பிரச்சினை இல்லை, பிரவுசர் பழசும் இல்லை. ஹெடரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே, உங்கள் கோடிடம் "அப்படி எதுவும் வரலையே" என்று பிரவுசர் கூசாமல் சொல்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறது, யார் சொன்னால் கொடுக்கும், எதை யார் சொன்னாலும் கொடுக்கவே கொடுக்காது, இதுதான் இன்றைக்கு. ஃபிரண்ட்எண்ட் (பிரவுசர் பக்கம்) வேலையில் இருப்பவர்கள் கடைசி வரை பாருங்கள். பேக்எண்ட் (சர்வர் பக்கம்) நண்பர்கள் கட்டாயம் கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் பழி பாதி உங்கள் மேல்தான்.

முதலில் அடிப்படை, வேகமாக முடித்துவிடுகிறேன். சர்வர் பதில் அனுப்பும்போது உள்ளடக்கத்துக்கு முன்னால் சில குறிப்புகளை அனுப்பும், அதுதான் ரெஸ்பான்ஸ் ஹெடர். 1999-இல் அவுட்லுக் மெயிலை பிரவுசரில் காட்டுவதற்காக மைக்ரோசாஃப்ட் செய்த எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட்தான் இதையெல்லாம் ஸ்கிரிப்டிலிருந்து படிக்க வழி திறந்தது, 2014-இல் கோர்ஸ் விதிகள், அதாவது ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் வேறொரு தளத்தின் பதிலைப் படிக்கலாமா என்று முடிவு செய்யும் விதிகள், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தன, இப்போது அந்த விதிகள் ஃபெட்ச் ஸ்டாண்டர்டுக்குள் இருக்கின்றன. வரலாறு முடிந்தது.

[திரையில்: ஃபெட்ச் அழைப்பு, அதன் கீழே ஹெடர்ஸ் டாட் கெட்]

படிக்கும் முறை எளிது. சர்வரிடம் கேட்கும் ஃபெட்சை அவெய்ட் செய்து, அதாவது பதில் வரும்வரை காத்திருந்து, ரெஸ்பான்ஸை வாங்குகிறீர்கள், அதில் ஹெடர்ஸ் டாட் கெட் என்று கேட்டு ஹெடர் பெயரைக் கொடுக்கிறீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், அது கண்டுகொள்ளாது. ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: அவெய்ட் முடிந்த அந்த நொடியில் ஹெடர் மட்டும்தான் வந்திருக்கும், உள்ளடக்கம் இன்னும் வந்துகொண்டே இருக்கலாம். அதனால்தான் ஜேசானை எடுக்க இன்னொரு அவெய்ட் போடுகிறோம். அப்புறம், ரெஸ்பான்ஸ் டாட் ஹெடர்ஸை அப்படியே கன்சோலில் அச்சடித்துப் பார்த்துவிட்டு "காலியா இருக்கே" என்று பயப்படாதீர்கள். அந்த ஆப்ஜெக்ட் பல நேரம் வெளியே காலியாகத்தான் தெரியும், ஃபார்-ஆஃப் லூப் போட்டுச் சுற்றினால் உள்ளே இருப்பது வரும். ஆங்குலர் ஃபிரேம்வொர்க்காரர்கள் அப்சர்வ் என்ற விருப்பத்தில் ரெஸ்பான்ஸ் என்று கொடுக்கவேண்டும், இல்லையென்றால் எச்டிடிபி கிளையன்ட் உள்ளடக்கத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

உங்கள் பக்கமும் அது தகவல் கேட்கும் சர்வர் ஏபிஐயும் ஒரே ஆரிஜினில் இருந்தால், அதாவது ஸ்கீம் (எச்டிடிபியா, எச்டிடிபிஎஸ்ஸா), டொமைன், போர்ட் மூன்றும் ஒன்றாக இருந்தால், ஒன்றிரண்டைத் தவிர எல்லா ஹெடரையும் படிக்கலாம். ஏதாவது ஒன்று மாறினாலும், லோக்கல்ஹோஸ்ட் 3000-க்கும் லோக்கல்ஹோஸ்ட் 8080-க்கும் இடையில் கூட, பிரவுசர் ஏழே ஏழு ஹெடரைத்தான் தானாகக் காட்டும். கேஷ்-கன்ட்ரோல், கன்டென்ட்-லாங்குவேஜ், கன்டென்ட்-லெங்த், கன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ், லாஸ்ட்-மாடிஃபைடு, பிராக்மா. அவ்வளவுதான். இ-டேக் இல்லை. ரிட்ரை-ஆஃப்டர் இல்லை. ஏன், டேட் என்ற ஹெடரே இந்தப் பட்டியலில் இல்லை! இன்றைக்கு என்ன தேதி என்பது ரகசியமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனால் பிராக்மாவுக்கு இடம் இருக்கிறது, அதை இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இதை நான் எப்படிப் புரிய வைப்பேன் என்றால், அப்பார்ட்மென்ட் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது, அவர் வாங்கி வைக்கிறார். நீங்கள் அசோசியேஷன் அறைக்குப் போய் சிசிடிவியில் பார்க்கிறீர்கள், பார்சல் அவர் மேசை மேலேயே இருக்கிறது. அந்த சிசிடிவிதான் நெட்வொர்க் டேப். ஆனால் உங்கள் வீட்டுப் பையனைக் கீழே அனுப்பி வாங்கி வரச் சொன்னால், "பால், பேப்பர், கரண்ட் பில் மட்டும்தான் தம்பி தருவேன், மற்றது அனுப்பினவங்க எழுதிக் கொடுத்தாத்தான்" என்கிறார். பையன் யார்? உங்கள் ஜாவாஸ்கிரிப்ட். இதில் மூன்று சங்கதி பாருங்கள். பார்சல் வரவில்லை என்பதல்ல பிரச்சினை. பையனிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவன் எத்தனை முறை போய்க் கேட்டாலும், ஃபெட்சை விட்டு ஆக்சியோஸ் என்ற லைப்ரரியின் சட்டை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டாலும், அதே பதில்தான். நீங்கள் வீட்டுக்காரர் என்பதும் செல்லாது, ஏனென்றால் அனுமதி அனுப்பியவரிடமிருந்து வரவேண்டும். அதாவது சர்வரிடமிருந்து. செக்யூரிட்டி அண்ணன் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான்.

[திரையில்: பெரிய எழுத்தில் ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ்]

அந்த அனுமதிச் சீட்டின் பெயர் ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ். அதுவும் ஒரு ரெஸ்பான்ஸ் ஹெடர்தான். அதில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன், எக்ஸ்-டோட்டல்-கவுன்ட் என்று காற்புள்ளி போட்டு எழுதி சர்வர் அனுப்பினால், அடுத்த நொடியே உங்கள் கோடில் மதிப்பு வந்துவிடும். ஃபிரண்ட்எண்டில் ஒரு வரி கூட மாற்ற வேண்டாம்.

"உள்ளடக்கம் முழுவதையும் படிக்க விட்டுவிட்டு ஹெடரை மட்டும் ஒளித்து வைப்பது என்ன நியாயம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் கணிப்பு இது: உள்ளடக்கத்தில் என்ன போகிறது என்று அப்ளிகேஷன் எழுதியவருக்குத் தெரியும். ஹெடர் அப்படியல்ல, வழியில் இருக்கும் ப்ராக்ஸி, லோட் பேலன்சர், சிடிஎன் என்று ஆளாளுக்கு ஒன்றைச் செருகுவார்கள், உள் சர்வரின் பெயர், டோக்கன், பதிப்பு எண் எல்லாம் அதில் போகும். அதனால் பெயர் சொல்லித் திறந்தால் ஒழிய மூடியே இருக்கட்டும் என்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. டேட் விஷயத்தில் மட்டும் மனசு ஆறவில்லை.

இப்போது நம் ஊர் ஐடி அலுவலகங்களில் தினமும் நடக்கும் நாடகத்துக்கு வருவோம். ஃபிரண்ட்எண்ட்: "அண்ணே, ஹெடர் நல்னு வருது." பேக்எண்ட்: "போஸ்ட்மேன்ல வருதேப்பா, ஸ்கிரீன்ஷாட் பாரு." ஃபிரண்ட்எண்ட்: "கோடில வரலண்ணே." பேக்எண்ட்: "அப்போ உன் கோட்லதான் பிரச்சினை." டிக்கெட் மூடப்படும், திறக்கப்படும், மறுபடி மூடப்படும். இங்கே இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். கோர்ஸ் என்பது பிரவுசர், பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் மேல் போடும் காவல். பிரவுசர் இல்லாமல் ஏபிஐயைக் கூப்பிட்டுப் பார்க்கும் கருவிகளான போஸ்ட்மேனிலும் கர்லிலும் அந்தக் காவலே கிடையாது, வந்ததை அப்படியே கொட்டும். ஆகவே போஸ்ட்மேன் ஸ்கிரீன்ஷாட் நிரூபிப்பது ஒன்றைத்தான்: சர்வர் ஹெடரை அனுப்பியது. அதைத்தான் யாரும் மறுக்கவே இல்லையே! அடுத்த முறை அந்த ஸ்கிரீன்ஷாட் வந்தால், சண்டை போடாமல், "எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் அதில் இருக்கா அண்ணே?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

அதற்கு "அதெல்லாம் போட்டுட்டேன்" என்று பதில் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அவர் போட்டிருப்பது அலவ்-ஹெடர்ஸ். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை நேர் எதிர். அலவ் என்பது பிரவுசரிலிருந்து சர்வருக்குப் போகும் ஹெடர்களுக்கு, எக்ஸ்போஸ் என்பது சர்வரிலிருந்து ஸ்கிரிப்டுக்கு வரும் ஹெடர்களுக்கு. சர்வர் ஃபிரேம்வொர்க்குகளைப் பார்த்தால், எக்ஸ்பிரஸில் கோர்ஸ் பேக்கேஜ் வைத்திருந்தால் எக்ஸ்போஸ்டு ஹெடர்ஸ் என்ற விருப்பம் இருக்கிறது, ஸ்பிரிங்கிலும் அதே பெயரில் இருக்கிறது, ஜாங்கோவில் கோர்ஸ் பேக்கேஜ் போட்டிருந்தால் செட்டிங்ஸில் கோர்ஸ் எக்ஸ்போஸ் ஹெடர்ஸ் என்று ஒரு பட்டியல். சிலர் எக்ஸ்போஸை, பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்டு அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கைக்கான பதிலில் மட்டும் வைப்பார்கள், அதுவும் வேலை செய்யாது, உண்மையான கெட் அல்லது போஸ்ட் பதிலில்தான் அது வரவேண்டும். "ஒரு நட்சத்திரக் குறி போட்டா எல்லாம் திறந்துடுமே" என்பவர்களுக்கு: குக்கீ போகாத கோரிக்கைக்குத் திறக்கும். கிரெடென்ஷியல்ஸை இன்குளூட் என்று வைத்து குக்கீயையும் அனுப்பச் சொன்னால் அந்த நட்சத்திரத்துக்கு மந்திரம் போய்விடும், நட்சத்திரம் என்ற பெயரில் ஒரு ஹெடர் இருப்பதாகத்தான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆட் ஹெடர் என்று எழுதினால் அது 200, 204, 301, 304 மாதிரி சில ஸ்டேட்டஸ் எண் கொண்ட பதில்களுக்குத்தான் ஒட்டும். 429-க்கும் (கோரிக்கை அளவு மீறியது) 500-க்கும் (சர்வர் பிழை) ஒட்டாது. வரியின் கடைசியில் ஆல்வேஸ் என்று சேர்த்தால்தான் எல்லாவற்றுக்கும் போகும். இதன் விளைவு என்ன? "கொஞ்சம் பொறுத்து வா" என்று சர்வர் 429-உடன் ரிட்ரை-ஆஃப்டர் அனுப்புகிறது, ஆனால் ஆட் ஹெடரால் போட்ட கோர்ஸ் அனுமதி ஹெடரே அந்தப் பதிலில் இல்லாததால் உங்கள் கோடுக்கு ஸ்டேட்டஸ் கூடத் தெரியாது, ஃபெட்ச் தோற்றது என்று மொட்டையாக ஒரு எரர்தான் வரும். எல்லாம் நன்றாக இருக்கும்போது ஹெடர் வரும், அவசரத்துக்குத் தேவைப்படும்போது வராது. அருமையான ஏற்பாடு.

இன்னொரு குழி டெவலப்மென்ட் ப்ராக்ஸி. வீட் (Vite) மாதிரி டெவலப்மென்ட் கருவியில், கோரிக்கையை ஏபிஐக்குக் கடத்திவிடும் ப்ராக்ஸி போட்டு வைத்திருந்தால், பிரவுசருக்கு எல்லாம் ஒரே ஆரிஜின். உங்கள் மெஷினில் ஜோராக ஓடும். புரொடக்‌ஷனில் ஏபிஐக்குத் தனி சப்டொமைன், அங்கே போனதும் நல். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரியவரும், வேறு எப்போது.

[திரையில்: கிட்ஹப் ஏபிஐ அழைப்பு]

சரியாகச் செய்தவர்கள் யார் என்று பார்க்க கிட்ஹப்பின் ஏபிஐயைக் கூப்பிட்டுப் பாருங்கள், உள்நுழையவே வேண்டாம். எக்ஸ்-ரேட்லிமிட்-லிமிட் கேட்டால் 60 என்று வரும், உள்நுழையாதவர்களுக்கு ஒரு ஐபிக்கு மணிக்கு அறுபது தடவை. ரிமைனிங் கேட்டால் மீதி எத்தனை என்று வரும். லிங்க் என்ற ஹெடரில் அடுத்த பக்கத்தின் முகவரி கூட இருக்கும். எல்லாவற்றையும் எக்ஸ்போஸ் பட்டியலில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள், ஏபிஐ எழுதுபவர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி வேண்டியதில்லை.

ஆனால் வந்தது எழுத்துச் சரம், எண் அல்ல, மறந்துவிடாதீர்கள். இரண்டு ஹெடரை அப்படியே ஒப்பிட்டால் ஜாவாஸ்கிரிப்டில் "9" என்பது "60"-ஐ விடப் பெரியது. அதேபோல் ரேட்லிமிட்-ரீசெட் வினாடிக் கணக்கில் வருகிறது, ஜாவாஸ்கிரிப்டின் டேட்டுக்கு மில்லி வினாடி வேண்டும். எண்ணாக மாற்றி ஆயிரத்தால் பெருக்காமல் கொடுத்தால், "உங்கள் கணக்கு 1970 ஜனவரியில் புதுப்பிக்கப்படும்" என்று பயனருக்குக் காட்டுவீர்கள்.

எந்த அனுமதிச் சீட்டுக்கும் மசியாத ஒன்று செட்-குக்கீ. ஒரே ஆரிஜின் ஆனாலும், எக்ஸ்போஸில் எழுதினாலும், ஃபெட்ச் அதைக் காட்டாது. அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள். நோ-கோர்ஸ் மோடு போட்டால் எரர் போய்விடும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். போகும்தான், கூடவே எல்லா ஹெடரும் போய்விடும், ஸ்டேட்டஸ் பூஜ்யம் என்று வரும். கன்டென்ட்-லெங்த்தை வைத்து டவுன்லோட் பட்டை வரைபவர்களே, சர்வர் ஜிஜிப் செய்து அனுப்பினால் அந்த எண் சுருக்கிய அளவு, உங்கள் கைக்கு வரும் பைட்டுகள் விரித்த அளவு, பட்டை 340 சதவீதம் வரை போய் நிற்கலாம்.

கடைசியாக எனக்கு மிகப் பிடித்தது. இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் சொந்த ஹெடரை அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் படிக்க முடியுமா? பொதுவாக முடியாது, அதே யூஆர்எல்லை மறுபடி ஃபெட்ச் செய்துதான் பார்க்கவேண்டும், அதுவும் புதிய பதில்தான், முதலில் வந்ததல்ல. ஆனால் ஒரு பின்வாசல் உண்டு: சர்வர்-டைமிங். டேட்டாபேஸுக்கு இத்தனை மில்லி வினாடி, கேஷில் கிடைத்தது என்றெல்லாம் சர்வர் அதில் எழுதி அனுப்பினால், பெர்ஃபார்மன்ஸ் ஏபிஐயில் நேவிகேஷன் பதிவை எடுத்து அதன் சர்வர் டைமிங்கைப் பார்த்தால் அப்படியே இருக்கும். பக்கம் மெதுவாக வந்ததற்கு யார் காரணம் என்று பயனரின் பிரவுசரிலிருந்தே பிடித்துவிடலாம். வேறு ஆரிஜினிலிருந்து வருவதென்றால் டைமிங்-அலவ்-ஆரிஜின் வேண்டும், ஆமாம், மறுபடியும் சீட்டு.

[திரையில்: வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தின் ஹெடர் பட்டியல்]

நெட்வொர்க் டேபைத் திறந்தது திறந்தீர்கள், வேர்ட்பிரஸ் டாட் காமில் ஓடும் ஏதாவது ஒரு தளத்தின் ஹெடரைப் பாருங்கள். எக்ஸ்-ஹேக்கர் என்று ஒன்று இருக்கும், ஹெடரை எட்டிப் பார்க்கும் ஆட்களுக்காகவே எழுதிய வேலைவாய்ப்பு விளம்பரம் அது. உங்கள் கண்ணில் இதைவிட வேடிக்கையான ஹெடர் பட்டிருந்தால் கமெண்டில் போடுங்கள். உங்கள் டீமில் கோப்புப் பெயர் நல் என்று வந்ததால் "டவுன்லோட்.பிடிஎஃப்" என்று ஹார்ட்கோட் செய்து வைத்திருப்பவர் யார் என்பதையும் எழுதலாம், பெயர் மட்டும் வேண்டாம், அவரும் இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.