கார்டு கடைசிக் குற்றவாளி

நேயர்களுக்கு வணக்கம்.

ரோபோ என்றதும் எல்லாருக்கும் அதன் கைதான் கண்ணில் நிற்கும். ஆறு மூட்டு உள்ள அந்த ஆரஞ்சுக் கை, அல்லது மஞ்சள் கை. இருபது வருடமாக நான் முகம் பார்த்துப் பழகியது அதன் பக்கத்தில் நிற்கும் இரும்பு அலமாரியோடு. கண்ட்ரோலர் என்போம். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு இருக்கும். ரோபோ வெளியுலகத்தோடு பேசுவது அதன் வழியாகத்தான். இன்றைக்கு அந்தக் கார்டின் கதை.

ரோபோவுக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். ஒரகடம் பக்கமோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ ஒரு கார் தொழிற்சாலையின் வெல்டிங் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். கதவுத் தகடு வந்துவிட்டது, எடுத்துக்கொள் என்று லைனை நடத்தும் பிஎல்சி சொல்ல வேண்டும். பிடித்துவிட்டேன் என்று கை நுனியில் இருக்கும் கிரிப்பர் சொல்ல வேண்டும். வெல்டு முடிந்தது என்று வெல்டிங் டைமர் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு சேதிக்கும் ஒரு ஒயர். கேபினட்டைத் திறந்தால் இடியாப்பத் தட்டு மாதிரி இருக்கும். இப்போது எல்லாச் சேதியும் ஒரே கேபிளில் வரிசை கட்டிப் போகிறது. அந்தப் பொதுக் கேபிளுக்கு பஸ் என்று பெயர். டிவைஸ்நெட், புரொஃபிபஸ், சிசி-லிங்க், புரொஃபிநெட், ஈதர்நெட்/ஐபி என்று அதில் பேசும் பாஷைகள் பல. எந்தப் பாஷை வேண்டுமோ அதற்கேற்ற கார்டு.

இதில் டிவைஸ்நெட்டுக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. அதன் அடியில் ஓடுவது கேன் என்ற முறை. காருக்குள் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அதை வெளியிட்டது. அதன்மேல் 1994-ல் அமெரிக்காவின் ஆலன்-பிராட்லி கட்டியதுதான் டிவைஸ்நெட். காருக்காகப் பிறந்த பேச்சு, கடைசியில் கார் செய்கிற ரோபோவின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கார்டு பழுதாவது குறைவு. அதன்மேல் பழி விழுவதுதான் அதிகம். பழி போட்டவர்களில் நானும் ஒருவன்.

2011. மழைக்காலம், இரவு ஷிஃப்ட். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். கதவு லைனில் ஏழாம் நம்பர் ரோபோ நின்றுவிட்டது. கிரிப்பரின் சேதிகளை வாங்கிக் கொடுக்கும் இன்புட்-அவுட்புட் பெட்டி, சுருக்கமாக ஐ/ஓ பெட்டி, அதோடு தொடர்பு அறுந்தது என்று டீச் பென்டன்டில், அதாவது ரோபோவை இயக்கக் கையில் பிடிக்கும் திரைப் பலகையில், சேதி. கேபினட்டைத் திறந்தேன். கார்டில் நெட்வொர்க் விளக்கு சிமிட்டாமல் சிவப்பாக எரிந்தது.

“அண்ணே, கார்டு போயிடுச்சு” என்று ஃபோர்மேனிடம் சொன்னேன்.

“மீட்டர் வெச்சுப் பாத்தியாப்பா?”

“அதான் சிவப்பு எரியுதே அண்ணே.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உற்பத்திப் பிரிவு ஆட்கள் தலைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டோர்ஸைத் திறந்து புதுக் கார்டு வாங்கி வந்து மாட்டினேன். ஆன் செய்ததும் பச்சை. லைன் ஓடியது. எனக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து அதே சிவப்பு விளக்கு, புதுக் கார்டில்.

இப்போது ஃபோர்மேன் எழுந்து வந்தார். மின்சாரத்தை அணைக்கச் சொன்னார். டிவைஸ்நெட் கேபிளில் ஐந்து கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் 24 வோல்ட் மின்சாரத்துக்கு, வெள்ளையும் நீலமும் பேச்சுக்கு, மேலுறை இல்லாத வெறுங்கம்பி, வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு உறைக்கு. கேபினட் முனையில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பிடி என்றார். 60 ஓம் காட்டியது. அவர் ரோபோவின் மணிக்கட்டுப் பக்கம் போய், ஆறாவது மூட்டைச் சுற்றி வரும் கேபிளைக் கையால் வளைத்தார். 120. விட்டார். 60. மறுபடி வளைத்தார். 120.

அந்த எண்களைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேபிளில் போகிற சமிக்ஞை முனையைத் தொட்டதும் சுவரில் பட்ட குரல் மாதிரி திரும்பி வரும். அந்த எதிரொலி அடுத்த சேதியோடு மோதிக் குழப்பும். அதைத் தடுக்க இரண்டு முனையிலும் 121 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைப்பார்கள். டெர்மினேட்டர் என்போம். இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து மீட்டருக்கு 60 என்று தெரியும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது அல்லது ரெசிஸ்டரே இல்லை. 40 காட்டினால் யாரோ புண்ணியவான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டர், பல ஆயிரம் ரூபாய் கார்டைக் காப்பாற்றும். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: மின்சாரம் அணைந்திருக்க வேண்டும், மீட்டர் இருக்க வேண்டும்.

எங்கள் ரோபோவில் கேபிளின் தோல் நன்றாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான தடவை முறுக்கி முறுக்கி உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தது. கை நேராக இருக்கும்போது தொட்டுக்கொள்ளும், முறுக்கினால் விலகும். அப்படியானால் புதுக் கார்டு போட்டதும் மூன்று மணி நேரம் எப்படி ஓடியது? கேன் முறையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு கருவியும் தன் தப்புக்குத் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். அனுப்பின சேதி கெட்டால் கணக்கில் 8 ஏறும். ஒழுங்காகப் போனால் 1 இறங்கும். 255-ஐத் தாண்டினால், கோளாறு நம்மிடம்தான் போலிருக்கிறது, மற்றவர் பேச்சைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு விலகிவிடும். அதற்குப் பஸ் ஆஃப் என்று பெயர். ஆக, அந்தச் சிவப்பு விளக்குக்குக் கார்டு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கார்டு மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது. நான் மின்சாரத்தை அணைத்துப் போட்டபோது கணக்கு பூஜ்யமானது. லைனை ஓட வைத்தது அதுதான், புதுக் கார்டு இல்லை. பழைய கார்டையே அணைத்துப் போட்டிருந்தாலும் எனக்கு அந்த டீ கிடைத்திருக்கும்.

புரொஃபிபஸில் கதை கொஞ்சம் மாறும். அங்கே முனையில் இருக்கும் டெர்மினேட்டருக்கே மின்சாரம் வேண்டும். கடைசியில் இருக்கும் கருவியிலிருந்துதான் அது வழக்கமாக வரும். அந்தக் கடைசிக் கருவியைச் சும்மா இருக்கிறதே என்று யாராவது அணைத்தால், சம்பந்தமே இல்லாத நடு ரோபோ தடுமாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்திருக்கிறேன்.

கேபிளுக்கு அப்புறம் நான் சந்தேகப்படுவது 24 வோல்ட் சப்ளையை, தளர்ந்த திருகுகளை, பிறகு எர்த்தை. டிவைஸ்நெட்டில் ஷீல்டை ஒரே இடத்தில்தான் எர்த்தில் சேர்க்க வேண்டும். அக்கறையாகச் செய்வதாக நினைத்து இரண்டு முனையிலும் சேர்த்தால், வெல்டிங் மின்னோட்டத்தின் ஒரு பங்கு ஷீல்டு வழியாகவே நடை போகும். கேபினட் காற்றாடியின் ஃபில்டரில் தூசி அடைத்து உள்ளே புழுங்குவதும் உண்டு. இதையெல்லாம் தாண்டியும் விளக்கு சிவப்பாக இருந்தால்தான் கார்டைத் தொடுவேன்.

கார்டு உண்மையிலேயே போவதும் உண்டு. இடி மின்னல், 24 வோல்ட் சப்ளை எகிறுவது, வயசு. மாற்ற வேண்டிய வேளை வந்தால் முதல் வேலை பேக்கப். ரோபோ புரோகிராம் மட்டும் போதாது, ஐ/ஓ அமைப்புகளும் சேர்த்து. போன வருடம் எடுத்த பேக்கப் போன வருடத்து ரோபோவுக்குத்தான் ஆகும். அடுத்து, ஒயரைக் கழற்றும் முன் செல்போனில் நாலு படம். அப்புறம் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சொந்தப் பையில் வைத்துக்கொள்வது. அணைத்த உடனே கையை விடக் கூடாது. மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் டிரைவின் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இன்னும் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கேபினட் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். உற்பத்தி மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினாலும் அந்த நிமிடங்களில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். உடம்பில் சேரும் ஸ்டாடிக் மின்சாரம் கார்டைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் எர்த் பட்டையும் வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் ஸ்டாடிக் எங்கே வரும் என்று சிரிப்பார்கள். கார்டைப் பிரித்துப் பார்க்கிற அறையில் ஏசி ஓடிக் காற்று உலர்ந்திருப்பதை மறந்துவிடுவார்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. மாட்டிய கார்டை மற்றவர்கள் அடையாளம் கண்டுகொள்ள வைப்பதில்தான் பொழுது போகும். டிவைஸ்நெட்டில் 0 முதல் 63 வரை 64 முகவரி. புதுப் பெட்டி பெரும்பாலும் 63 என்றுதான் வரும். அதைப் பழைய எண்ணுக்கு மாற்ற வேண்டும், பேச்சு வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒரே முகவரியில் இரண்டு பேர் இருந்தால், பின்னால் வந்தவர் சிவப்பு விளக்கோடு வெளியே நிற்பார். உடனே, புதுக் கார்டும் பழுது என்று இன்னொரு கார்டைத் திறப்பார்கள். ஏபிபி நிறுவனத்தின் டிஎஸ்க்யூசி 652 என்ற ஐ/ஓ பலகையில் இதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது. முகவரி பலகையில் இல்லை, கேபிள் முனையில் இருக்கும் பிளக்கில் இருக்கிறது. அதிலுள்ள சின்னப் பட்டையில் எந்தப் பற்களை வெட்டுகிறோமோ அதுதான் முகவரி. எட்டாவது பல் 2-க்கு, பத்தாவது பல் 8-க்கு. இரண்டையும் வெட்டினால் முகவரி 10. பலகையை மாற்றினாலும் பிளக் அங்கேயேதான் இருக்கும், முகவரியும் அதோடு இருக்கும். வீட்டை இடித்துக் கட்டினாலும் கதவு எண் மாறாத மாதிரி.

புரொஃபிநெட்டில் எண்ணுக்குப் பதில் பெயர். பிஎல்சி பெயர் சொல்லித்தான் கூப்பிடும், ஐபி முகவரியை அதற்கப்புறம்தான் கொடுக்கும். புதுக் கார்டு பெயரில்லாமல் வரும். ஒரு ஹைஃபனை விட்டுப் பெயர் வைத்தால்கூட, கூப்பிடுகிறவருக்கும் கூப்பிடப்படுகிறவருக்கும் நடுவே அந்த ஹைஃபன் காணாமல் நிற்கும், லைனும் நிற்கும். எந்தக் கருவிக்குப் பக்கத்தில் எது என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்துப் பிஎல்சியே பெயர் வைத்துவிடும். அந்த வசதியை அமைத்து வைத்திருக்கும் தொழிற்சாலைகள் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

அப்புறம் பதிப்பு எண். மேலே ஒரே பார்ட் நம்பர் இருக்கும், உள்ளே மென்பொருள் பதிப்பு வேறாக இருக்கும். தலைவராக இருக்கும் கார்டு தயாரிப்பாளர், பொருள், பதிப்பு எல்லாவற்றையும் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால், புதியவரை வாசலிலேயே நிறுத்திவிடும். அதனால் ஸ்பேர் கார்டை வாங்கிப் பூட்டி வைப்பதோடு விடாதீர்கள். லைன் ஓடாத நாளில் ஒரு தடவை மாட்டிப் பார்த்து, தேதி எழுதி வையுங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் குழம்புகிற இடம் இது. கார்டு மாற்ற மின்சாரம் அணைந்திருக்க வேண்டும் என்றேன். ஃபானுக் ரோபோவின் கைப்பக்கம் இருக்கும் பேட்டரிகளை மட்டும் கண்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே மாற்றச் சொல்கிறார்கள், அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு. மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு மூட்டும் எங்கே நிற்கிறது என்ற நினைவு அந்த பேட்டரியில்தான் இருக்கிறது. அணைத்துவிட்டுக் கழற்றினால் ரோபோ தன் இருப்பிடத்தை மறந்துவிடும்.

2011-ல் நான் கழற்றிய கார்டு, பழுது என்று நானே எழுதிய சீட்டோடு இரண்டு வருடம் ஸ்டோர்ஸில் கிடந்தது. இப்போது அது என் பயிற்சி மேசையில் பச்சை விளக்கோடு ஓடுகிறது. ஐடிஐ முடித்து வருகிறவர்களுக்காக அதன் டெர்மினேட்டரைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று கேட்பேன். பாதிப்பேர் முதலில் கார்டின் திருகில்தான் கை வைப்பார்கள். போன மாதம் வந்த ஒரு பெண் கார்டைத் தொடவே இல்லை. மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், மீட்டர் எங்க?” என்றாள்.

வணக்கம்.