கன்று காய்க்கும் வரை

(தருமபுரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் சுவரோரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், கையில் நோட்டோடு. எனக்குக் கொடுத்த தலைப்பு 'நெடுநாள் கனவும் பொறுமையும்'. முன்வரிசைக்கு இது பிடித்த தலைப்பு. பின்னால் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். 'பொறுமையா இருப்பா, எல்லாம் நடக்கும்' என்பதைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறுங்கையோடு நிற்கிற ஒருவரிடம் போய்ப் பொறுமையாக இரு என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. பொறுமை என்பது மனசு சம்பந்தப்பட்டது மட்டும்தான் என்று நினைப்பதால் வருகிற பேச்சு அது. காத்திருக்கச் செலவாகும். சாப்பாடு, வாடகை, பஸ் காசு, தேர்வுக் கட்டணம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் காத்திருக்கிற காலத்திலும் வரும். அதற்கு ஒரு வழி செய்துகொண்டவரால்தான் பத்து வருஷம் ஒரு கனவை விடாமல் பிடித்திருக்க முடியும். வழி செய்யாதவர் எவ்வளவு மனத்திடம் உள்ளவராக இருந்தாலும் மூன்றாம் வருஷம் விட்டுவிடுவார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. நான் பேசப் போவது அந்த வழியைப் பற்றித்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைக்கிறவர்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சந்தூரிலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி வருவார்கள். பழைய முறைப்படி பத்து மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 40 கன்று. நட்ட வருஷம் அந்த நிலத்தைப் பார்க்கிறவனுக்குத் தோப்பு எதுவும் தெரியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக முழங்கால் உயரத்தில் நாலு இலை, நடுவில் பரந்த வெற்று நிலம். ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கும் என்பது சரிதான். ஆனால் குடும்பம் அதை நம்பிச் சாப்பிடுகிற அளவுக்குக் காய்க்க எட்டு, பத்து வருஷம் ஆகிவிடும்.

அதுவரை அந்த விவசாயி என்ன செய்கிறார்? கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கன்றுகளுக்கு நடுவில் இருக்கிற நிலத்தில் நிலக்கடலை போடுகிறார். மழை குறைந்த வருஷம் கொள்ளு விதைக்கிறார். ராகியோ, துவரையோ, அவரையோ நிலத்தைப் பார்த்துப் போடுகிறார். அந்தக் கடலை விற்ற காசில்தான் கோடையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கிணறு வற்றிவிட்டால் டேங்கர் வண்டியில் விலைக்கு வாங்கிக்கூட ஊற்றுகிறார். ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டுவதும் அதே காசில்தான். ஊடுபயிர் இல்லாமல் அந்தத் தோப்பு எழும்பவே எழும்பாது.

இதில் இரண்டு நுட்பம் இருக்கிறது. அதை நான் விவசாயிகளிடம்தான் கற்றேன். கன்றுக்கு ஒட்டினாற்போல உயரமாக வளரும் எதையும் போட மாட்டார்கள். கன்றின் பாத்தியைச் சுற்றி இடம் விட்டுத்தான் விதைப்பார்கள். நிழல் விழுந்தால் கன்று நோஞ்சானாகிவிடும், வேரடியில் இருக்கிற ஈரத்தையும் மற்றது குடித்துவிடும். இன்னொன்று, ஒட்டுக்கன்று இரண்டாம் வருஷமே பூத்துவிடும். பார்க்க ஆசையாக இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பூவைக் கிள்ளிப் போட்டுவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் காய்க்க விடுவதில்லை. அந்தப் பிஞ்சு உடம்பு காயைச் சுமந்தால் மரம் தேறாது. தானாக வந்த பூவைக் கையால் கிள்ளுவதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். என்னிடம் படித்த ஒரு பெண், பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். கிராம நிர்வாக அலுவலர் ஆக வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுடைய ஆசை. அப்பாவின் பட்டாவுக்காக அவரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெண் அவள். அந்த நாற்காலியில் நியாயமான ஒரு ஆள் உட்கார்ந்தால் எத்தனை குடும்பம் நிம்மதியாகத் தூங்கும் என்பதை நேரில் பார்த்தவள். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. போகும்போது பஸ்ஸில் படிப்பு, வரும்போது தூக்கம். சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு பங்கு, புத்தகத்துக்கு ஒரு பங்கு.

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "சார், ஓ.டி. பார்த்தா கை நிறைய வரும். அப்பா கடனை சீக்கிரம் அடைச்சிடலாம். ஆனா ஓ.டி. பார்க்கிற மாசம் புக்கைத் தொடவே முடியல." என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அவளே ஒரு கணக்கு வைத்திருந்தாள். வட்டி கட்ட வேண்டிய மாதம் மட்டும் ஓ.டி., மற்ற மாதங்களில் எவ்வளவு கூப்பிட்டாலும் கிடையாது. கன்றுக்கு நிழல் விழாமல் பயிர் வைப்பது என்றால் எனக்கு அவள்தான் ஞாபகம் வருகிறாள். அவள் இன்னும் தேர்வில் தேறவில்லை. தேறிய கதையை மட்டுமே மேடையில் சொல்வது என்று வைத்துக்கொண்டால், கனவு காண்கிறவர்களில் பெரும்பாலோரைப் பற்றி நாம் பேசவே முடியாது.

வேலைக்குப் போகாமல் முழு நேரம் படிப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வீட்டில் தாங்க ஆள் இருந்தால் செய்யலாம், நல்லதுதான். ஆனால் அப்பா கூலிக்குப் போய் அனுப்புகிற காசில் சென்னையில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மாதமும் கழுத்தில் கத்தி இருக்கிற மாதிரிதான். அந்தப் பயத்தோடு புத்தகம் ஏறாது.

அடுத்து, நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அரூருக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி. மலையாளி என்று அழைக்கப்படுகிற மலைவாழ் பழங்குடி மக்களும் (கேரளத்து மலையாளிகள் இல்லை) லம்பாடி மக்களும் வாழ்கிற பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே வந்தார்கள். அப்போது அந்தப் பகுதியில் 1000 குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தன. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. நம் மாவட்டம், நம் பிள்ளைகள்.

அவர்கள் ஆரம்பித்தது ஒரு குடிசையில். ஊர் மக்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்த குடிசை. நோயாளியைப் பார்ப்பதும் அதற்குள்தான், பிரசவமும் அதற்குள்தான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் ஆஸ்பத்திரி வரட்டும், அப்புறம் வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கவில்லை. ஊர்ப் பெண் பிள்ளைகளையே சேர்த்து நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கர்ப்பிணிகளை எப்படிப் பார்ப்பது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். இது வேகமாக நடக்கிற காரியம் இல்லை. ஒரு பெண்ணை நம்பிக்கையோடு ஊசி போட வைப்பதற்கே எத்தனை மாதம் பிடிக்கும்! அதற்குள் வெளியூரிலிருந்து படித்த நர்ஸ்களைக் கூட்டி வந்திருக்கலாம். பார்க்கிறவர்களுக்கும் சட்டென்று பெரிதாகத் தெரிந்திருக்கும். அவர்கள் அந்தப் பூவைக் கிள்ளிப் போட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு ஆஸ்பத்திரி வந்தது. இன்று 35 படுக்கை, அறுவை சிகிச்சை அரங்கு எல்லாம் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மலைப் பிள்ளைகள்தான். குழந்தை இறப்பு 147இலிருந்து இருபதை ஒட்டி இறங்கியது. வயிற்றுக்கு நல்ல சாப்பாடு இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன் என்று பார்த்து, இயற்கை விவசாயத்துக்குச் சங்கம் அமைக்கத் துணை நின்றார்கள். லம்பாடிப் பெண்கள் கைவிட்டிருந்த பூ வேலைத் தையலை, தெரிந்த மூத்த பெண்களை வைத்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அதுவும் இன்று வருமானம் தருகிற தொழிலாகியிருக்கிறது. முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், தொந்தரவு செய்யாமல்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கனவுக்குப் பொறுமை வேண்டும். ஊருக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்துக்குப் பொறுமை வேண்டாம். ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் காவி படிந்த பிள்ளைகளை நான் வகுப்பில் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும்போது வாயைத் திறந்து சிரிக்க மாட்டார்கள். பக்கத்தில் காவிரி ஓடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008, தண்ணீர் வந்து திறந்தது 2013. அதற்கு முன்னால் எத்தனை வருஷம் கேட்டோம்! அதேபோல மொரப்பூர் ரயில். 1906இலேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறுபடி 36 கிலோமீட்டர் பாதைக்கு அடிக்கல் நாட்ட 2019 ஆனது. இங்கெல்லாம் பொறுமை என்று நம்மிடம் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். மனு கொடுங்கள், கூட்டம் போடுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

சரி, வழி செய்துகொண்டு, கூலியையும் கனவையும் சேர்த்து நடத்தினால் கடைசியில் நிச்சயம் கிடைத்துவிடுமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். சுப்பிரமணிய சிவா நம் பாப்பாரப்பட்டியில்தான் கண் மூடினார், 1925 ஜூலை 23. வயது 40. 1908இல் சிறைக்குப் போனவர், அங்கிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். புண் பிடித்த கால்களோடு நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. 1923இல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். இரண்டே வருஷத்தில் சிவா போய்விட்டார். அந்த இடத்தில் அரசு பாரதமாதா நினைவாலயம் கட்டி முடிக்க ஏறத்தாழ நூறு வருஷம் ஆனது.

அவர் அதைப் பார்க்கவில்லை. அதனால் அந்த வாழ்க்கை வீண் என்று இந்த ஊரில் யாராவது சொல்வோமா? கோயிலுக்காக அவர் நடந்த ஒவ்வொரு ஊரிலும் பேச்சைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கோயில் கட்டி முடிக்கிற வரை காத்திருக்காமலே அந்த வேலை நடந்துவிட்டது. நீண்ட கனவு வைத்திருக்கிற பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும். ஒருவேளை அந்த வேலை, அந்த வீடு, அந்தப் பட்டம் கிடைக்காமல் போனாலும், அதற்காக உழைத்த வருஷங்களில் யாருக்கு என்ன ஆனோம்? தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோமா, சட்டம் படித்ததை வைத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தோமா? படிக்கிற காலத்திலேயே இதையெல்லாம் செய்யலாம்.

கால வரம்பு உள்ள கனவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை, 6 முறை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை, 9 முறை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வயது வரை. அந்த வயது வரை எழுதலாம் என்பதற்காக அதுவரை எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. எத்தனை வருஷம், அதற்கு மேல் என்ன செய்வது என்று தொடக்கத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி வையுங்கள். தோற்ற பிறகு பேசினால் இரண்டு பக்கமும் அழுகையோடுதான் பேச முடியும். எழுத, பாட, ஒரு சின்ன பண்ணை வைக்க என்று வயது வரம்பே இல்லாத கனவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த அவசரம் தேவையில்லை. ஐம்பதிலும் தொடங்கலாம்.

கடைசியாக முன்வரிசைக்கு. பிள்ளைகளை நாம்தான் அவசரப்படுத்துகிறோம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைத்து, 'உங்க பையன் இன்னும் படிச்சிட்டுதான் இருக்கானா?' என்று கேட்கிறோம். அந்தப் பையன் அடுத்த விசேஷத்துக்கு வரவே மாட்டான். உறவே இல்லாமல் தனியாகக் கிடந்து படிப்பான். அது அவனை இன்னும் கெடுக்கும். இனிமேல் ரிசல்ட் வந்துதா என்று கேட்காதீர்கள், ஐயா. வந்தால் அவனே ஓடி வந்து சொல்வான். இப்போது என்ன படிக்கிறாய், சாப்பாட்டுக்கு என்ன வழி, அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாயா என்று கேளுங்கள். கட்டவில்லை என்றால், முடிந்தவர்கள் கட்டிக் கொடுங்கள். நம்மில் பலருக்கு அது ஒரு நாள் டீக்கடைச் செலவை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இன்றைக்கே இந்தக் கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் யாருக்கு என்ன தேவை என்று நூலகரிடம் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போவோம். முதல் பெயருக்கு நான் கட்டுகிறேன்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.